பதினோரு ஏக்கர் தரிசு

மார்ச் 4

ஊராட்சி அலுவலகச் சுவரில் வறட்சி நிவாரணப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். மூன்று முறை படித்தேன். நான்காவது முறை, என் கண்ணை நம்பாமல், ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தேன். என் பெயர் இல்லை. பதினேழாவது பெயர் நாச்சிமுத்து, த/பெ. செங்கோடன். என் உடன்பிறந்த அண்ணன். நானும் த/பெ. செங்கோடன்தான். அந்தத் தகுதிக்கு எனக்கு இதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை.

அண்ணன் மூன்று ஏக்கரில் சோளம் விதைத்தான், மழை பொய்த்தது, சோளம் கருகியது, பணம் வருகிறது. இன்னொரு மூன்று ஏக்கரில் அவனுக்குக் கிணறும் தென்னையும் இருப்பதை எந்தப் பட்டியலும் எழுதாது. சொட்டுநீருக்கு மானியம் வாங்கினான். சூரிய மின்மோட்டாருக்கு வாங்கினான். மாட்டுக் கொட்டகைக்கு வாங்கினான். அதில் இப்போது அவன் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

என்னுடையது பதினோரு ஏக்கர் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள், மற்றதெல்லாம் புல். உழுவதில்லை, வெட்டுவதில்லை, ஆடுகளை உள்ளே விட்டு வேலிக் கடவைச் சாத்திவிட்டால் அவை பாட்டுக்கு மேயும். இந்தப் பக்கத்தில் ஆடு மாடு பிழைப்பதே இப்படித்தான். அந்தப் புல்லும்தான் கருகியது. அது யார் கண்ணிலும் படவில்லை.

என் மனைவி ருக்குமணி ஆடுகளைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வந்தாள். முப்பத்தாறு ஆடுகள். "பேரு இருந்துதுங்ளா?" என்றாள். இல்லை என்றேன். "சரி உடுங்க. தண்ணித்தொட்டி ஒழுகுது, சித்த சிமிட்டி பூசிக் குடுங்க" என்றாள். அவளுக்கு எல்லாமே தண்ணீர்த் தொட்டிதான்.

மார்ச் 6

கிராம நிர்வாக அலுவலர் இளஞ்சேரனைப் போய்ப் பார்த்தேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன், எங்கள் ஊஞ்சவலசுக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம். அடங்கல் பதிவேட்டைத் திறந்தான். எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று வருடாவருடம் எழுதும் பதிவேடு. என் சர்வே எண்ணுக்கு நேராக ஒரே சொல்: தரிசு.

"பயிர் இருந்தாத்தானே சார் பயிர்ப் பாதிப்பு?"

"புல் இருக்கிறது."

"புல்லு..." என்று இழுத்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்க ஊர்ல புல்ல ஆள் வச்சுப் புடுங்குவோம்."

கொழுக்கட்டைப் புல் எத்தனை அடி ஆழம் வேர் விடும், எத்தனை வருடம் உயிரோடிருக்கும், காய்ந்த பின்னும் அதில் எவ்வளவு சத்து நிற்கும் என்று சொன்னேன். பத்தொன்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். துறையையே மூடிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிய நிர்வாகத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு வேறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பையன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டான். பின்னால் வருமானச் சான்றிதழுக்கு நின்ற ஒரு பெண், "வாத்தியாரே, கிளாஸ் முடிஞ்சுதுன்னா சொல்லுங்க. எம்புள்ளைக்கு நாளைக்குத்தான் கடசி நாளு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இளஞ்சேரன் சிரிப்பை அடக்கினான். அதையும் குறித்துக்கொண்டேன்.

"எழுத்துல குடுங்க சார். மேல அனுப்பிடுறேன்."

மார்ச் 9

மனு எழுதி முடித்தேன். ஒன்பது பக்கம். மேய்ச்சல் நிலம் தரிசு அல்ல. புல்லும் ஒரு பயிரே. அதைத் தின்னும் ஆடே அதன் அறுவடை. இரண்டாம் பத்தி மிக நன்றாக வந்திருக்கிறது. ருக்குமணிக்கு வாசித்துக் காட்டினேன். ஓர் ஆட்டின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டே கேட்டாள். "நல்லாருக்குதுங்க. அந்த மரத்தப் பத்தி எழுதலீங்ளே" என்றாள். வெள்வேல் நெற்று உதிராவிட்டால் சித்திரை வைகாசியில் ஆடுகளுக்கு எதுவுமே கிடையாது என்றாள். பத்தாம் பக்கம் சேர்த்தேன்.

எங்கள் பையனின் விடுதிக் கட்டணத்துக்கு நாளை இரண்டு கிடாய்களைச் சந்தைக்கு ஓட்டுகிறாள்.

மார்ச் 28

தேநீர்க் கடையில் அண்ணன். பாகப்பிரிவினை நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவனோடு நேரில் பேசுவதில்லை, அவன் நிலத்தில் கால் வைப்பதுமில்லை. கடைக்காரர் அருணகிரி வழியாகத்தான் பேச்சு. கடையில் நாங்கள் இருவரும் இருந்தால் அருணகிரிக்குக் கொண்டாட்டம்.

"சிகாமணி மனு எழுதறானாமா?" என்று கேட்டான் அண்ணன்.

"உங்க அண்ணன் கேக்கறாருங்க, மனு எழுதறீங்ளான்னு" என்றார் அருணகிரி, ஒரு கஜ தூரத்தில் இருந்த எனக்கு.

"எழுதியாயிற்று என்று சொல்லுங்கள்."

"எங்காட்டுக்கும் சேத்து எழுதச் சொல்லுப்பா. வடக்க அஞ்சேக்கரு கொறங்காடு எனக்குங் கெடக்குதல்ல. அவனுக்கு எழுத வரும். எனக்கென்ன தெரியும், பாகத்துக்குக் கையெழுத்துப் போடறதோட செரி."

பாகத்தைக் குத்திக் காட்டுகிறான். கிணற்று நிலத்தை அவன் எடுத்துக்கொண்டு காட்டை என் தலையில் கட்டினான் என்பது ஊருக்கே தெரியும். அருணகிரி மட்டும் டம்ளர் கழுவிக்கொண்டே, "காத்தாலைக் கம்பெனிக்காரன் வருவான்னு நீங்கதானுங்க காட்டைக் கேட்டு வாங்குனீங்க?" என்றார். தேநீர்க் கடைக்காரர்களுக்கு ஞாபகசக்தி அதிகம் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 19

பதில் வந்தது. "மேய்ச்சல் நிலம் சாகுபடிப் பயிர் என்ற வரையறைக்குள் வராது. எனினும் மனு மாவட்டப் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது." எனினும் என்ற சொல்லை அரசாங்கம் எதற்குப் பயன்படுத்தும் என்று எனக்குத் தெரியும். புதைத்த இடத்தில் வைக்கும் கல் அது.

மே 6

ஊராட்சியில் கூட்டம். ஒரு வேளாண்மை அதிகாரி வந்திருந்தார். தரிசு நிலத்தை விளைநிலமாக்கப் புதிய திட்டமாம். முள்ளையும் புதரையும் அகற்ற, உழ, விதைக்க, எல்லாவற்றுக்கும் அரசே பணம் தரும். "தரிசு வச்சிருக்கறவங்க கை தூக்குங்க." ஒருவரும் தூக்கவில்லை. நான் எழுந்து, இங்கே தரிசு என்று எழுதியிருப்பதெல்லாம் மேய்ச்சல் காடு, எழுதியவர்களுக்குத்தான் விவரம் போதவில்லை என்றேன். கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, ஒண்ணு ரெக்கார்டை மாத்துங்க, இல்லேன்னா நெலத்தை மாத்துங்க. ரெண்டும் ரெண்டு விதமா இருந்தா நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

பின்வரிசையில் அண்ணன் தொண்டையைச் செருமினான். அது சிரிப்புதான்.

மே 7

பதிவேட்டை மாற்றுவது அவர்கள் கையில் இருக்கிறது. நிலத்தை மாற்றுவது என் கையில்.

மே 15

விண்ணப்பித்துவிட்டேன். இது பணத்துக்காக அல்ல. பதினோரு ஏக்கரை இத்தனை வருடம் புல்லாகப் பார்க்க மறுத்தவர்கள், ஒரே நாளில் அதை நிலமாகப் பார்க்கட்டும். சோளம் போட்டால் அடுத்த வறட்சியில் என் பெயரை எவனும் விடமுடியாது. உழவு ஒன்றும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அப்பா காலத்தில் எட்டுப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மழை பெய்ததும் மரக்கலப்பையால் மேலாகக் கீறிவிடுவார்கள், புல் புதுசாகக் கிளம்பும். மழைக்கு முன் யாரும் உழமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மே முப்பத்தொன்றுக்குள் வேலை முடிந்து படம் அனுப்ப வேண்டும் என்பது விதி.

ருக்குமணியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல நேரம் அமையவில்லை.

மே 18

மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ருக்குமணி பரமத்திக்குக் கிளம்பினாள். பேருந்து வரும்வரை ஆடுகளைப் பற்றியே பேசினாள்.

"அந்த மொண்டிக்காலு பொட்டை குட்டி போடற மாதிரி இருக்குது, பாத்துக்குங்க. மேக்குப் பக்கம் உட வேண்டாம், மழைக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கறேன். கடவைச் சாத்துனீங்ளான்னு ரெண்டு தடவ பாருங்க. நீங்க யோசனையில போயிருவீங்க."

பேருந்தில் ஏறிய பிறகும் சன்னல் வழியாக, "மேக்குப் பக்கம்!" என்றாள். தலையாட்டினேன்.

மே 21

புதர் அகற்றும் இயந்திரம் வந்தது. ஆடுகளைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கட்டிப்போட்டேன். நாற்பத்தொரு வெள்வேல் மரங்கள். காலை ஏழரைக்கு ஆரம்பித்தது, மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்றும் இல்லை. ஓட்டுநர் தர்மபுரிக்காரர், வேகமான ஆள்.

மே 22

மேற்கு எல்லைக்கு வந்ததும் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "சார், இது பொதரா, வேலியா?" என்று கேட்டார். கிளுவை வேலி. ஒன்றோடொன்று பின்னி, கோழி புக முடியாத அளவுக்கு அடைந்து நிற்கும். அந்த நேரம் நான் கைபேசியில் திட்டத்தின் விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். படத்தில் முள் எதுவும் தெரியக் கூடாது என்று போட்டிருந்தது. பதில் சொல்லவில்லை. அவரே முடிவு செய்துகொண்டார்.

மே 23

டிராக்டரில் சட்டிக்கலப்பை. ஒரு முழ ஆழம். மண் புரண்டு புல்லின் தூர்கள் வேர் மேலாக விழுந்தன. மாலையில் வேளாண்மை அலுவலகத்துப் பையன் வந்து படம் எடுத்தான். என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கச் சொன்னான். தலை வாரிக்கொண்டு நின்றேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

மே 24

புழுதி.

ஜூன் 1

ருக்குமணி வந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து காட்டு வழியாக நடந்து வந்திருக்கிறாள். நான் வாசலில் சோளத்தட்டு உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஒரு புல் தூரோடு வந்து நின்றாள். வேர் முழுக்க வெயிலில் கருகி, பழைய துடைப்பம்போல் இருந்தது. அதை என் முன்னால் வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"தெரியாமப் பண்ணியிருந்தா நான் ஒண்ணுமே கேக்கமாட்டேன். வேரு மேல கெடந்தா செத்துப்போகும்னு எங்கப்பனுக்குத் தெரியும், அது பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. நீங்க படிச்சவரு. தெரிஞ்சுதான பண்ணுனீங்க?"

சோளம் வரும், தட்டு வரும் என்றேன்.

"தட்டு நாலு மாசம். மீதி எட்டு மாசம் முப்பத்து நாலும் உங்க மனுவைத் திங்குமா?"

பிறகு வாசலுக்குப் போய் ஆடுகளை எண்ணினாள். முப்பத்தைந்து. மொண்டிக்கால் ஆடு குட்டி போட்டிருந்தது. நான் எழுத மறந்திருக்கிறேன்.

ஜூன் 3

பேச்சில்லை. வேலையெல்லாம் நடக்கிறது. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. காலை ஐந்து மணிக்குப் போய் ஓடைக்கரையில் தழை ஒடித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறாள். நானும் வருகிறேன் என்றேன். "படிச்ச கையில முள்ளேறும்" என்றாள். இரண்டு நாளில் அவள் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

ஜூன் 6

மழை. மாலை நான்கிலிருந்து ஆறரை வரை. கோடை முழுக்கக் காணாத மழை. எல்லோரும் தெருவில் நின்று நனைந்தார்கள். ருக்குமணி தாழ்வாரத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு நாள். பதினான்கு நாள் பொறுத்திருந்தால் மரக்கலப்பைகூடத் தேவைப்பட்டிருக்காது. அவள் இதைச் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

ஜூன் 8

அரசு தந்த சோளத்தை விதைத்தேன்.

ஜூன் 15

ஊர் முழுக்கப் பச்சை. செத்துக் கிடந்தது என்று நினைத்த கொறங்காடுகள் எல்லாம் ஒன்பதே நாளில் எழுந்துவிட்டன. அடித்தூர் உயிரோடிருந்தால் போதும் அதற்கு. என் பதினோரு ஏக்கரில் செம்மண் பாளம் பாளமாகக் கிடக்கிறது. அங்கங்கே சோளம் ஊசி போல் தலை நீட்டியிருக்கிறது. அதைவிட முந்திக்கொண்டு பார்த்தீனியம். அரசாங்கத்தின் அழைப்புக்கு முதலில் வந்து கைகட்டி நிற்பது எதுவோ, அது.

ஜூன் 24

காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். இளஞ்சேரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் புல்லை ஒட்டி வைத்திருக்கிறான்.

"சார், நல்லவேள, இங்கயே இருக்கீங்க. ஒங்க காடு எங்க சார்? வழி தவறிட்டேன். மார்ச்ல வந்தப்ப இங்க மரமா இருந்துச்சு, இது யாரோ உழுது போட்டுருக்காங்க."

"இதுதான்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு மோட்டார் சைக்கிள் இருக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இது. என் மனு மாவட்டத்தில் புதைக்கப்படவில்லை. யாரோ படித்திருக்கிறார்கள். பத்துப் பக்கமும். இந்த வட்டாரத்துக்கு மட்டும் சோதனையாக, மேய்ச்சல் காடுகளுக்கும் நிவாரணம் தர உத்தரவு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் குழு பார்வையிட வருகிறது. மாதிரிக்குக் காட்ட என் காட்டைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறான்.

"மூணு மாசமா ஒங்க மனுவ வச்சுக்கிட்டு ஒவ்வொரு காடா நடந்தேன் சார். இது ஒட்டன் புல்லு, இது கொழுக்கட்டை, எல்லாம் இப்பத் தெரியும்" என்று நோட்டைக் காட்டினான். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தான். ஒரு பெயர் தவறு. திருத்தினேன்.

"வேற காடு காட்டணுமே சார். வேலி, மரம், புல்லு எல்லாம் கலையாம யாருகிட்ட இருக்கு?"

தெரியாது என்றேன். அவன் என்னையே பார்த்தான். "வடக்கே" என்றேன். "நாச்சிமுத்துவுடையது."

ஜூன் 27

குழு வந்தது. நான்கு பேர். அண்ணன் காட்டுக் கடவைத் திறந்து வைத்துக்கொண்டு புது வேட்டியில் நின்றான். நான் தார்ச்சாலையிலேயே, வேலிக்கு வெளியே நின்றுகொண்டேன். இளஞ்சேரன் கூப்பிட்டான். இங்கிருந்தே தெரிகிறது என்றேன்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி அண்ணனிடம் ஏதோ கேட்டார். அண்ணன் சத்தமாகச் சொன்னது கேட்டது: "எனக்கு அதெல்லாந் தெரியாதுங்கம்மா. எந்தம்பி எம்.எஸ்ஸி. அவனத்தான் கேக்கோணும். அவன் எழுதித்தான நீங்களே வந்திருக்கறீங்க." பிறகு ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வேலி ஓரம் வந்து, கிளுவைக்கு மேலாக நீட்டினான். "சொல்றா. இதென்ன?"

ஒன்பது வருடத்தில் அருணகிரி இல்லாமல் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பெயர் சொன்னேன். அடுத்ததைக் கொண்டுவந்தான். சொன்னேன். இப்படிப் பதினாறு. அதிகாரிகள் அந்தப் பக்கம் நின்று எழுதிக்கொண்டார்கள். கடைசியாக ஒரு வெள்வேல் கிளையை நீட்டினான். "இதுக்கு வேண்டாம், இது எனக்கே தெரியும்" என்று தானே சிரித்தான்.

"உங்கள் நிலம் எங்கே இருக்கிறது?" என்று அந்த அதிகாரி வேலிக்கு மேலாகக் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு, "அவன் வெளியூர்ல இருந்தவனுங்க" என்றான். என்னைக் காப்பாற்றுகிறானாம். இதை மன்னிக்க எனக்கு வெகுநாள் ஆகும்.

ஜூன் 30

பொட்டையாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போக, பின்னாலேயே எட்டு ஆடுகள் போயிருக்கின்றன. தினமும் பழகிய வழி. மேற்கே வேலி இல்லை. நேராகச் சோளத்துக்குள் இறங்கிவிட்டன. முழங்கால் உயரம்கூட இல்லாத இளஞ்சோளம், நான்கு நாளாக மழையில்லாமல் வாடியது. அந்தப் பருவத்தில் அது நஞ்சு. ஏன் நஞ்சு, ஆட்டின் வயிற்றில் என்ன ஆகிறது என்று வருடாவருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

நான் போனபோது மூன்று விழுந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தன. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டு மற்றவற்றைக் காப்பாற்றினார். அந்த மூன்றும் போய்விட்டன. மொண்டிக்கால் ஆடு அதில் ஒன்று. ருக்குமணி அதன் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 1

குழி தோண்டினேன். மூன்று.

ஜூலை 2

"உங்கண்ணங்கிட்டப் போயி ஒரு வார்த்த கேளுங்க" என்றாள் ருக்குமணி. "வடக்குக் காட்டுல புல்லு சும்மா கெடக்குது. அவுங்களுக்கு ஆடு இல்ல."

முடியாது என்றேன்.

"எனக்காகக் கேக்க வேண்டாம். அந்தக் குட்டிக்காகக் கேளுங்க."

தட்டு வாங்கிப் போடலாம் என்றேன். எதை விற்று என்று அவள் கேட்கவில்லை. வாசலில் நின்ற முப்பத்திரண்டையும் ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூலை 9

ஊராட்சிச் சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கிறார்கள். முதல் தாள் மேய்ச்சல் நிலத்துக்கு நிவாரணம் பெறுவோர். இருபத்து மூன்று பெயர்கள். ஐந்தாவது நாச்சிமுத்து. என் பெயர் இல்லை. பார்வையிட்ட தேதியில் என் நிலம் உழவு நிலம். இளஞ்சேரன் முந்தாநாள் வீட்டுக்கு வந்து, முந்தைய தேதி போட்டு எழுதட்டுமா சார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வேண்டாம் என்றேன். இந்த ஒன்றிலாவது நான் நேர்மையாக இருந்தேன் என்று இங்கே இருக்கட்டும்.

இரண்டாவது தாளின் தலைப்பு: தரிசு நில மேம்பாடு, பயனாளிகள். ஒரே ஒரு பெயர். தெய்வசிகாமணி, த/பெ. செங்கோடன், 11 ஏக்கர்.

அருணகிரி கடையிலிருந்தே கத்தினார்: "வாத்தியாரே, எல்லாத்துக்கும் ஒரு பேப்பரு, உங்களுக்குத் தனிப் பேப்பரே ஒட்டியிருக்கறாங்க!"

தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 10

காலையில் ருக்குமணி எல்லா ஆடுகளையும் அவிழ்த்துவிட்டாள். எங்கே என்றேன். "கேட்டுட்டேன்" என்றாள். "நேத்தே போயி நானே கேட்டுட்டேன். வாடகை என்னங்க மாமான்னு கேட்டேன். மேயற புல்லுக்கு என்னத்தம்மா வாடகை, மேஞ்சாத்தான் புல்லுன்னாங்க."

அது என் மனுவின் நாலாம் பக்கம். படித்திருக்கிறான்.

முப்பத்திரண்டு ஆடுகளைத் தார்ச்சாலை தாண்டித் தனியாளாக ஓட்ட முடியாது. அவள் தழைக்கொத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால். சாலையில் லாரிகளைக் கைகாட்டி நிறுத்தினேன். ஒரு ஓட்டுநர், "பெருசு, சீக்கிரம் பத்திக்கிட்டுப் போ!" என்றான். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆடுகள் கடவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. குட்டியை அவள் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே போய்க் கடவைச் சாத்திக்கொண்டாள்.

"பொழுதோட தண்ணி கொண்டாங்க" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

ஜூலை 11

மாலை நான்கு குடம் தண்ணீர் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கடவுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 12

இன்றும் தண்ணீர் கொண்டுபோனேன். ஆடுகள் வண்டிச் சத்தம் கேட்டு வேலி ஓரம் வந்து நின்று கத்தின. தொட்டி உள்ளே, இருபதடி தள்ளி இருக்கிறது. ருக்குமணி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை. நேற்று நான்கு குடத்தையும் அவள்தான் சுமந்திருக்கிறாள். இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் நின்றேன். சாலையில் யாரும் இல்லை. கடவைத் திறந்துகொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினேன். நான்கு நடை. புல் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது, கதிர் முற்றி விதை உதிரும் பருவம். கொழுக்கட்டை விதைக்குப் பஞ்சுபோல் மயிர் உண்டு. எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். வேட்டி முழுக்க ஒட்டியிருந்தது. கடவுக்கு வெளியே வந்து குனிந்து தட்டப் போனேன்.

"அங்க ஒதறாதீங்க" என்றாள். ஒரு மாதத்தில் முதல்முறையாக அவள் குரலில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது. "அப்படியே நடந்து போயி நம்ம காட்டுல ஒதறுங்க. தெனமும் வருவீங்கல்ல."

ஏக்கருக்கு மூன்று கிலோ விதை வேண்டும். பதினோரு ஏக்கருக்கு முப்பத்து மூன்று கிலோ. முளைத்து, தூர் கட்டி, ஆடு மேயத் தாங்க மூன்று மழைக்காலம். வேலி எழ அதற்கும் மேல். என் வேட்டியில் ஒரு கைப்பிடிகூட இல்லை. இதையெல்லாம் சாலையைத் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

மேற்கு மூலையில் நின்று உதறினேன்.